இருபத்துநான்காவது இடம்

நான் வேலை பார்க்கும் கல்லூரி ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நான் சேர்ந்தபோது உயிரித்தகவலியல் துறையில் ஐந்து பேர் இருந்தோம். சில வருடங்களில் அந்தப் பாடத்துக்கு மாணவர்கள் சேருவது நின்றுபோனது. ஒவ்வொருவராக வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உயிரியல் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். துறையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். இரண்டாம் மாடியின் கடைசி அறையும் அதிலிருந்த ஒரு நல்ல கணினியும் என்னிடம் மிஞ்சின. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிடுவேன். வகுப்பில் பேசியதைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மாலையில் பஸ் ஏறிய நாட்கள் நிறைய.

அந்தக் கணினியில் நான் செய்துகொண்டிருந்தது முனைவர் பட்டத்துக்கான வேலை. நம் உடம்பில் பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே மிகச் சிறிய குழாய்கள் உண்டு. கனெக்சின் என்ற வகைப் புரதங்கள் அவற்றைக் கட்டுகின்றன. ஒரு செல்லில் ஆறு கனெக்சின்கள் வட்டமாகக் கூடி ஓர் அரைக்குழாய் ஆகும். அடுத்த செல்லிலிருந்து அதேபோல இன்னோர் அரைக்குழாய் வந்து முகத்தோடு முகம் பொருந்தும். உப்பும் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் அதன் வழியாக இந்தச் செல்லிலிருந்து அந்தச் செல்லுக்குப் போகும். காதின் உள்ளே, நத்தை ஓடுபோலச் சுருண்ட பகுதியில் இந்தக் குழாய்கள் சரியாக அமையாவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காது.

கணினிக்குள் நான் அந்தக் குழாயைக் கட்டுவேன். சுற்றிலும் கொழுப்புப் படலம் வைத்து, தண்ணீர் நிரப்பி, உப்புச் சேர்த்து, ஒவ்வோர் அணுவும் எப்படி அசையும் என்று கணக்கிட விடுவேன். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளியளவுகூட இல்லாத அசைவைக் கணக்கிட்டு முடிக்கக் கணினிக்கு வாரக்கணக்கில் ஆகும். புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவேன். சில மாற்றங்களில் குழாய் குறுகும். சிலவற்றில் இரண்டு பாதிகளும் ஒட்டாது. எந்தக் குடும்பத்தில் எந்த மாற்றம் என்று உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

கோயம்புத்தூரில் இருந்த என் வழிகாட்டி ஒரு பட்டியலைக் கொடுத்து, "இதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோம்மா" என்றபோது நான் யோசிக்காமல் இதைத் தொட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் அண்ணனுக்குக் காது கேட்காது.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் கேபின் தகரம் அடிக்கும் வேலை. மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அவர் வெறுமனே நின்று சுத்தியலைப் போடுவார். பள்ளிக்கு இரண்டு வருடம்தான் போனார். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவருக்கு எழுத்து வரவில்லை. முறையான சைகை மொழியும் வரவில்லை. எங்கள் வீட்டில் நாங்களே உண்டாக்கிய சைகைகள் இருந்தன. மூக்கின் ஓரத்தைத் தொட்டால் அம்மா. மேலுதட்டில் கட்டைவிரலை இழுத்தால் அப்பா. தோளில் இருந்து பின்னலை உருவிவிட்டால் நான். சோறு, பஸ், கோழி, காய்ச்சல், கோபம், சாவு, நாளைக்கு. மொத்தம் இருநூறு இருக்கலாம். அவர் சொல்வது எனக்குப் புரியும், நான் சொல்வது அவருக்குப் புரியும் என்று முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஏன் காது கேட்கவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் இருந்தது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல் வந்ததாம். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அம்மா தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தாராம். அந்த ஊசியில்தான் காது போனது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். உறவுக்காரர்கள் யாராவது வந்து அண்ணனைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "அவதான் ஊசி போட்டுட்டு வந்தா" என்று அப்பா சொல்வார். சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். தண்ணீர் கேட்கும் குரலில் சொல்வார். அம்மா சமையலறையில் இருந்து பதில் பேசியதில்லை. அப்பா சாகும்வரை அது அப்படியே இருந்தது.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம். கனெக்சினைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய முதல் மாதமே, இது ஊசியால் வந்ததில்லை, பரம்பரையாக வந்ததோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் செய்யவில்லை. நான்கு வருடம் செய்யவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டும்போது, இதுதான் அவருடையதாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். திரையில் தண்ணீர் மூலக்கூறுகள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதைக் கண்டுபிடிக்கப் பயந்தேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும்.

அதைச் செய்யவைத்தது அண்ணனின் கல்யாணம்.

சேலத்தில் காது கேளாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இடத்தில் கூடுவார்கள். பட்டறைக்கு வந்த ஒரு லாரி டிரைவரின் தம்பிக்கும் காது கேட்காது. அந்தத் தம்பிதான் அண்ணனை அங்கே கூட்டிப்போனார். ஆறு மாதத்தில் அண்ணனின் கைகள் மாறிவிட்டன. விரல்கள் வேகமாகப் போயின. எனக்குத் தெரியாத சைகைகள் இடையில் வந்தன. ஒருநாள் கைப்பேசியில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, தன் கழுத்தில் தாலி கட்டுவதுபோலச் செய்தார். ராசிபுரத்துப் பெண். அவளுக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டு ஒரு தையல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க காதைப் பத்திப் படிச்சிருக்கறதா மாப்பிள்ளை சொன்னாருன்னு பொண்ணு சொல்லுச்சு. ரெண்டு பேருக்கும் இப்புடி இருக்குதே, பொறக்கற கொழந்தைக்கும் இப்புடியே ஆயிருமுங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே காரணமா இருந்தா ஆகுமுங்க. வேற வேற காரணமா இருந்தா பெரும்பாலும் ஆகாதுங்க."

"அது எப்புடித் தெரியும்?"

"ரத்தம் எடுத்துப் பாக்கோணும்."

அவர் காபியைக் கீழே வைத்தார். "ஆச்சுன்னாலும் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டனுங்க. எம் பொண்ணு நல்லாத்தான் இருக்குது. தெரிஞ்சுக்கிட்டா மனசுக்குச் சித்தெ தெம்பா இருக்கும், அவ்வளவுதான்."

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும்போது அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்து முகத்தைச் சுளித்துக் காட்டினார். அவள் சிரித்தாள். நான் கதவருகே இருவரின் பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிவு கல்லூரிக்கு மின்னஞ்சலில் வந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். கீழே மைதானத்தில் பிள்ளைகள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கும் கனெக்சினை உண்டாக்கும் மரபணுவில் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு வேறு ஏதோ காரணம். அண்ணனுக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை. இருபத்துநான்காவது இடத்தில், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில், 'நிறுத்து' என்ற கட்டளை எழுதப்பட்டிருந்தது. நம் ஊர்களில் அடிக்கடி காணப்படும் பிழைதான். அதைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் அதை ஒருமுறைகூடக் கணினியில் ஓட்டியதில்லை. ஓட்ட முடியாது. இருநூற்று இருபத்தாறு அமினோ அமிலங்கள் கோத்து வர வேண்டிய புரதம் இருபத்துமூன்றோடு நின்றுவிடும். பிறகு உடம்பு அந்தத் துண்டையும் அழித்துவிடும். குழாய் குறுகுவது, ஒட்டாமல் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாயே கிடையாது.

நான் திரையில் என் குழாயைத் திறந்தேன். பன்னிரண்டில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். பிறகு அதிலும் இருபத்துநான்கில் இருந்து கடைசிவரை அழித்தேன். நகத்துணுக்குபோல ஒரு சுருள் கறுப்புத் திரையின் நடுவில் மிதந்தது. நான்கு வருடமாக எத்தனை வகைகளை ஓட்டியிருந்தேன். அவற்றில் எதுவும் அவருடையது இல்லை. அந்தத் துணுக்கைச் சேமிக்காமல் மூடிவிட்டு மூன்று மணி வகுப்புக்குப் போனேன்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மரபணு என்றெல்லாம் சொல்லவில்லை. ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து இருக்கும், அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று, அண்ணனுக்கு இரண்டும் பிழையான எழுத்தாக வந்துவிட்டது என்றேன்.

"அப்ப ஊசி இல்லியா?"

"இல்லீம்மா."

"ஊசியே இல்லியா?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவானது. நீ ஊசி போட்டிருந்தாலும் இல்லாட்டியும் இப்படித்தான்."

அம்மா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் உரித்துவிட்டு, "பாதி அவருது, பாதி என்னுதா?" என்றார்.

"ஆமா."

"இத அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம் சாமி."

நான் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது அப்பா உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தார். அம்மா அதைக் கணக்கில் வைத்துச் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. அன்று அவர் சாப்பிட உட்காரவில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனிடம் சொல்ல உட்கார்ந்தேன். எங்களிடம் இருந்த இருநூறு சைகைகளில் பரம்பரை என்பதற்கு ஒன்றும் இல்லை. பிழை என்பதற்குக் கோபத்தின் சைகைதான் இருந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். நடுவில் குழாய் வரைந்தேன். காதைத் தொட்டேன். குழாயைக் குறுக்கே அடித்தேன். அப்பாவின் மீசையையும் அம்மாவின் மூக்குத்தியையும் காட்டி, இரண்டில் இருந்தும் அவரிடம் கோடு இழுத்தேன். அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கின் ஓரத்தைத் தொட்டு, கையில் ஊசி குத்துவதுபோலக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டதால் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கையை விரித்தார்.

பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டார். தனக்கு வாட்ஸாப்பில் எழுதும்படி அவள் என்னைப் பார்த்துக் கைகாட்டினாள். நான் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பினேன். அவள் படித்தாள். நிமிர்ந்து, அவரைப் பார்த்துக் கைகளை அசைக்கத் தொடங்கினாள். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அண்ணனின் முகம் தெளிந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். இருவரும் கொஞ்சம் வாதாடினார்கள். ஒரு இடத்தில் இருவரும் சிரித்தார்கள். நான் காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முப்பது வருடத்தில் என்னிடம் அவர் இவ்வளவு நீளமாக எதையும் கேட்டதில்லை. கேட்க எங்களிடம் வார்த்தை இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கைப்பேசியில் செய்தி வந்தது. அவள் எழுதியிருந்தாள்: "அவர் கேக்கறார். இத்தனை வருசம் எனக்காகவா படிச்சே?"

ஆமாம் என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். "என் வேலைதான் இது" என்று எழுதி அனுப்பினேன்.

அவள் அதை அவருக்குச் சொன்னாள். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ சொன்னார். மறுபடி செய்தி வந்தது.

"காது வேணும்னு அவர் யார்கிட்டயும் கேக்கலையாம். பேச ஆள் இல்லைன்னுதான் கஷ்டமா இருந்துச்சாம். இப்ப இல்லையாம்."

அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டு, காலண்டர் தாளை வாங்கி மடித்து மேசைமேல் வைத்தார். கோபமாக இல்லை. மிகவும் அன்பாகத்தான் செய்தார். அதனால்தான் அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன்.

கல்யாணம் ராசிபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அவர்களுடைய நண்பர்கள் சேலம், ஈரோடு, திருச்செங்கோடு என்று பல இடங்களில் இருந்து வந்திருந்தார்கள். பந்தியில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடும் கையை நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்குக் கத்தாமலே பேசினார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் ஒருபுறம் ஒதுங்கி அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லாமல் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தேன். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினேன், எனக்குத்தான் கேட்காது என்பதுபோல. அவர் தாராளமாகச் சிரித்துவிட்டு, மோர் வேண்டும் என்று விரலால் இலையில் எழுதிக் காட்டினார்.

அண்ணன் ராசிபுரத்திலேயே வீடு பார்த்துக் குடிபோனார். அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. சேலத்தில் குழந்தையின் காதில் சின்னக் குழலை வைத்துச் சோதித்தார்கள். கேட்கிறது என்றார்கள். அண்ணியின் அப்பா கும்பிட்டார். அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தலையாட்டினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி எனக்கு எழுதினாள்: "நாங்க பேசறது இவளுக்குப் புரியுமா?" நிச்சயமாகப் புரியும், முதல் மொழியே அதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினேன். அதைப் படித்த பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது.

இருவரும் வேலைக்குப் போவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா அங்கே போய்விட்டார். போகிற அன்று, "நீ தனியா இருந்துக்குவியா?" என்று மூன்று முறை கேட்டார். இருந்துக்குவேன் என்று மூன்று முறையும் சொன்னேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் வந்த வரன்களில் பாதி, அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனவை. என் இரத்தத்தில் அந்தப் பிழை ஒரு பிரதியாவது இருக்கிறதா என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.

சைகை மொழி கற்றுக்கொள்ள சேலம் கூட்டத்துக்குச் சில ஞாயிறுகள் போனேன். என் விரல்கள் சரியாக மடங்குவதில்லை. பழைய வீட்டுச் சைகைகள் குறுக்கே வந்துவிடுகின்றன. இப்போது அண்ணி மெதுவாகச் சொன்னால் பாதி புரிகிறது. அண்ணன் மெதுவாகச் சொல்ல மறந்துவிடுகிறார்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் ஒருநாள் மதியம் அம்மா கல்லூரிக்கு போன் செய்தார்.

"இந்த ஊட்டுல பேசறதுக்கு ஆளில்ல சாமி. வாயே ஒட்டிக்கிச்சு."

"குழந்தைகூடப் பேசும்மா."

"பேசறேன். என்ற ஒருத்தி பேச்சு மட்டும் கேட்டா போதுமா? நாலு பேரு பேசறதைக் கேட்டாத்தான அதுக்கு வார்த்தை வரும்? டிவி போட்டா அழுவுது. நீ பேசு. போனை அது காதுகிட்ட வெக்கறேன்."

"நான் என்னம்மா பேசறது?"

"எதையாச்சும் பேசு."

எனக்குக் குழந்தைகளிடம் பேசத் தெரியாது. கதை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுமுனையில் ஈரமான மூச்சுச் சத்தம் கேட்டது. எதிரில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அன்று வேறொரு மாற்றத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தே சொல்லத் தொடங்கினேன். இங்கே ஒரு குழாய் இருக்குது கண்ணு. ஆறு பேர் வட்டமா நிக்கறாங்க. அந்தப் பக்கம் ஆறு பேர். இப்பத் தண்ணி உள்ளே போகுது. ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணு நிக்குது. அதுவும் போயிரும் பாரு. உப்பு ஒண்ணு வருது, இடம் இல்லாமத் திரும்பிப் போகுது.

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. ஒரு தரம் 'ங்' என்றாள். அதன் பிறகு மூச்சு மட்டும்தான். அந்த அறையில் என் குரல் அதுவரை அவ்வளவு நேரம் ஒலித்ததில்லை. கதவைத் தாண்டிப் போன மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு அம்மா போனை எடுத்தார். "தூங்கிருச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கும் இதே நேரம் பண்றேன். நீ வையி."

நான் வைத்தேன். மூன்று மணி வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.